எல்.கே.ஜி.க்கு முன்னால் ஒரு டப்பா மூடி

பேத்திக்கு வரும் ஜூனில் எல்.கே.ஜி. வீட்டில் ஆளுக்கொரு பாடத்திட்டம் வைத்திருக்கிறார்கள். மருமகள் ஃபோனிக்ஸ் வீடியோ போடுகிறாள். அண்ணா நகரிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, "அம்மு நூறு வரைக்கும் சொல்றாளா?" என்று விசாரிக்கிறார். நான் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மூடி, கிளிப், ஜிப் ஆகிய இலாகாக்களை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏ பி சி டி தெரியாவிட்டால் மிஸ் சொல்லிக்கொடுத்துவிடுவார், அதற்குத்தானே பள்ளிக்கூடம். டிபன் டப்பா திறக்க வரவில்லை என்றால் பிள்ளை பசியோடு அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும். ஒரு மிஸ்ஸும் ஒரு ஆயாவும் எத்தனை மூடியைத்தான் திறப்பார்கள்?

நாலு பக்கம் கிளிப், உள்ளே ரப்பர் வாஷர் போட்ட டப்பாதான் இப்போது எல்லாக் கடையிலும். இட்லிக்கு எதற்கு வாஷர்? குழம்பா ஊற்றப்போகிறோம்? வில்லிவாக்கம் மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் சாதாரண எவர்சில்வர் டப்பா வாங்கினேன். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சூடாக வைத்து மூடினால், ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் மனைவிக்கே திறக்க வராது. அதனால் ஆறவிட்டுத்தான் மூட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று. மாலையில் பொரியை அந்த டப்பாவில் போட்டுக் கொடுக்கிறேன். திறந்தால் தின்னலாம். முதலில் பல்லால் கடித்துப் பார்த்தாள். இப்போது தொடையில் இடுக்கிக்கொண்டு, கட்டை விரலால் சுற்றிலும் நெம்பித் திறக்கிறாள். நான் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்த வழி.

அட்மிஷனுக்குப் போனபோது பள்ளியின் பாத்ரூமைக் காட்டச் சொன்னேன். மகனுக்கு ஒரே வெட்கம். "அப்பா, சும்மா இருங்கப்பா" என்றான். பார்த்தது நல்லதாயிற்று. அங்கே இந்தியன் டைப், எங்கள் ஃப்ளாட்டில் வெஸ்டர்ன் மட்டும். அம்முவுக்குக் குத்துக்காலிட்டு உட்கார வரவே வராது, பின்னால் சாய்ந்து விழுவாள். இப்போது பாட்டி கீரை ஆயும்போது பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து தானும் ஆய்கிறாள். கீரை பாதி வீணாகிறது, பரவாயில்லை.

இன்னொன்று, அவசரம் என்றால் நம் காதில் வந்து கிசுகிசுப்பாள். வகுப்பில் அது எடுபடாது. வாய்விட்டுக் கேட்கப் பழக வேண்டும் என்று மளிகைக் கடையில் அவளையே பேசவிடுகிறேன். "அண்ணாச்சி, பால் பாக்கெட் ஒண்ணு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். அட்டெண்டன்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி பார்க்கிறாள். அம்மு அம்மு என்றே வளர்த்தாயிற்று.

போன விஜயதசமிக்கே தட்டில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தோம். படிப்பு விஷயத்தில் எனக்கு அதுவே போதும்.

கீழ் வீட்டு மாமியிடம் மட்டும் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருந்தது. அம்மு அடம்பிடித்தால் போதும், "இரு இரு, ஸ்கூலுக்குப் போ, மிஸ் பிரம்பால ரெண்டு வைப்பாங்க" என்பார். போகப்போகிற இடத்தைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கினால் எந்தக் குழந்தை போகும்?

தேதியையும் அவளிடம் நாங்கள் சொல்வதில்லை. சென்னை வெயிலை நம்ப முடியாது. 2023இல் ஜூன் 5 என்றார்கள், தள்ளித் தள்ளி ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஜூன் 14இல்தான் திறந்தார்கள். 2024இலும் ஜூன் 10 ஆகிவிட்டது. நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

வேனா, நான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மகன் வேன் என்கிறான். நான் சைக்கிளுக்குப் பின் சீட் மாட்டிவிட்டேன்.