ரேஸ் கொடுத்தால் கூடவே பாடும் வண்டி

வேலூர் சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய ஒரு கார் அக்சசரீஸ் கடையில் 11 வருடம் வயரிங் வேலை பார்த்தேன். ஸ்பீக்கர் மாட்டுவது, கேமரா மாட்டுவது எல்லாம் கை பழகிவிட்டால் தானாக நடக்கும். சோறு தண்ணி மறக்க வைப்பது இரைச்சல் வேலைதான். மாட்டிய சாமான் எல்லாம் நன்றாக இருக்கும், பாட்டும் நன்றாக வரும், அதன் பின்னால் ‘கீய்ங்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு வண்டி. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சீஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் சவாரி அடிக்கும் மஞ்சள் போர்டு டாக்ஸி. டிரைவருக்குப் பாட்டுப் பைத்தியம். வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் ஏறினால் பெங்காலிப் பாட்டு ஓடும். “நோவோட வர்றாங்கணா. அவங்க ஊர்ப் பாட்டு கேட்டா மூஞ்சி கொஞ்சம் தெளியுது” என்பார். தனக்கென்று போட்டுக்கொள்வது பம்பை உடுக்கைப் பாட்டு. அதற்காகவே டிக்கியில் ஆம்ப்பும் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வூஃபரும் (அடிநாதத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். “இன்னாணா, நான் ரேஸ் குடுத்தா இதுவும் கூடவே கத்துது.”

கேட்டேன். இஞ்சின் ஐடிலிங்கில் மெல்லிய விசில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. சரி, ஆல்டர்னேட்டர் சத்தம் என்று சொல்லி, டேஷ்போர்டு செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஏ.வி. கார்டுக்கு நடுவில் ஒரு ஃபில்டரைச் சொருகி அனுப்பினேன். அதற்குள் இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், செட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் கம்பித் தொடர்பு அறுந்துவிடும். விசில் முக்கால்வாசி அடங்கியது. காசு வாங்கினேன், அவரும் போனார்.

மே மாதம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மறுபடியும் வந்து நின்றார். “சத்தம் கம்மியாத்தான் கீது. ஆனா பம்பைக்கு வயிறே இல்லணா.”

அந்த வார்த்தை என்னைக் கொஞ்சம் சுட்டது. விலை குறைந்த ஃபில்டரில் டிரான்ஸ்ஃபார்மர் கோர் துக்கினியூண்டு இருக்கும். கீழ்ச் சுருதி பலமாக வரும்போது அது திணறிப்போய் அடிநாதத்தைத் தின்றுவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மாட்டினேன், ஏனென்றால் அது ஐந்து நிமிட வேலை.

இந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள் மாறுமின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது. டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். மீட்டரில் 14 வோல்ட் என்று அமைதியாகக் காட்டினாலும் அதன் தலையில் சின்ன அலை ஒன்று மிச்சம் இருக்கும். 12 போல் (காந்த முனை) உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலை தரும். இஞ்சின் 800 ஆர்.பி.எம். ஓடும்போது, புல்லி கணக்குப்படி இரண்டரை மடங்கு வேகத்தில் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 1,200 அலை. இஞ்சினை 2,000-க்கு ஏற்றினால் 3,000 அலை. மனிதக் காது ரொம்பவும் கூர்மையாக இருப்பதே அந்த இடத்தில்தான். கொசு அளவு சத்தம் வந்தாலும் அதனால்தான் நம்மைக் குடைகிறது.

ஆனால் அந்த அலை எல்லா வண்டியிலும் இருக்கிறது. இந்த வண்டியில் மட்டும் ஸ்பீக்கருக்குள் எப்படிப் போனது? முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்த முறை வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். வேலூர் மே மாத வெயிலில் டிக்கிக்குள் தலையை விட்டு வேலை செய்வது அடுப்புக்குள் தலையை விடுவதற்குச் சமம். முதலில் ஃபில்டரைக் கழற்றினேன். விசில் முழுசாகத் திரும்பி வந்தது. செட்டின் வால்யூமைச் சைபருக்கு இறக்கினேன், பாட்டு நின்றும் விசில் அதே அளவில் இருந்தது. அப்படியென்றால் அது பாட்டோடு சேர்ந்து வரவில்லை, வால்யூமுக்குப் பிறகுதான் நுழைகிறது. அடுத்து ஆம்ப்பை நிறுத்தி, கார்டைப் பிடுங்கிவிட்டு என் மொட்டைப் பின்னைச் சொருகினேன். பழைய கார்டின் பின்னை வெட்டி, நடுக்கம்பியையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் வைத்தது அது. என் டூல் பாக்ஸிலேயே மதிப்பான சாமான் அதுதான், செலவு ஒன்றுமில்லை. மறுபடி ஆன் செய்தால் சத்தமே இல்லை. ஆக ஆம்ப் சுத்தம்.

கார்டு பவர் வயரோடு ஒட்டிப் போவதால் இழுக்கிறதோ என்று வேறொரு கார்டை சீட்டுக்கு மேலாகவே இழுத்துப் பார்த்தேன், அதே விசில். கடைசியில் செட்டை விட்டுவிட்டு, சார்ஜர் போடாத மொபைலை நேராக ஆம்ப்பில் சொருகினேன். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. மொபைலுக்கு வண்டி பாடியோடு எந்த ஒட்டும் இல்லை, செட்டுக்கு உண்டு. செட்டின் மைனஸ் வயர் டேஷ்போர்டில் வண்டி பாடியோடு சேர்ந்து எர்த் ஆகிறது, ஆம்ப்பினுடையது டிக்கியில். இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் அந்த வித்தியாசம் கார்டின் வெளிக்கம்பி வழியாக ஓடும். ஆம்ப்புக்கு அதுவும் ஒரு பாட்டுத்தான்.

ஆம்ப்பின் எர்த்தை மீட்டரில் ஓம்ஸில், அதாவது மின்தடை அளவில், பார்த்தேன். 0.2. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2. எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி பாய், “ஓம்ஸ்ல வெச்சா என்னா தெரியும் உனக்கு? பாட்ட சத்தமா போட்டு வோல்ட்டுல பாரு” என்றார். அவர் டேப் ரெக்கார்டர் காலத்து ஆள், அதிகம் பேச மாட்டார்.

இஞ்சினை ஓடவிட்டு, பம்பைப் பாட்டைச் சத்தமாகப் போட்டு, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வைத்தேன். அடிக்கு அடி 400 மில்லிவோல்ட் வரை துள்ளியது. ஆம்ப் 20 ஆம்பியர் இழுக்கிற நேரத்தில் அதற்கு 0.02 ஓம் போதும். என் மீட்டர் ஓம்ஸில் அதை எந்தக் காலத்திலும் காட்டாது.

ஸ்டெப்னி ஓரத்தில் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினேன். எர்த் வயர் முனை வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. ஸ்க்ரூவின் மரை மட்டும் தகரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது, அதிலும் துரு ஏறத் தொடங்கியிருந்தது. மாட்டியவன் சுரண்டாமல் மாட்டியிருக்கிறான். அன்று வெளியே இரண்டு வண்டி காத்திருந்தது, அவசரம் என்று இப்போது சொல்லலாம். டிரைவர் எட்டிப் பார்த்து “இன்னா ஃபால்ட்டுணா?” என்றார். “ஸ்க்ரூ துருப் புடிச்சிருக்கு” என்றேன். பொய் இல்லை. ஆனால் முழுசும் அது இல்லை. பாய் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எமரித் தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, பவர் வயர் தடிமனிலேயே ஒன்றரை அடி வயர் போட்டு, முனையில் லக் வளையம் அழுத்தி, பல் வாஷர் வைத்து போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லீன் தடவினேன். மீட்டர் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. விசில் போன இடம் தெரியவில்லை. ஃபில்டர் காசைத் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார், “அது தேவைப்படலல்ல” என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ இரைச்சல் பார்த்தாயிற்று. ஒருவருக்கு மொபைலைச் சார்ஜரிலும் செட்டின் ஆக்ஸ் வயரிலும் சேர்த்துப் போட்டால்தான் கத்தும், சார்ஜரைப் பிடுங்கினால் தீர்ந்தது. இன்னொருவர், பெரியவர், ஏ.எம்.மில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் கேட்கிறவர். அவருக்கு டிக் டிக் என்று வந்தது. யாரோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு செட்டை நானே கெடுத்தேன். ஆன் செய்தபடியே ஏ.வி. கார்டைச் சொருகியதில் உள்ளே கார்டு எர்த்துக்கான நுண்ணிய ஃபியூஸ் போய்விட்டது, அன்றிலிருந்து விசில். கார்டின் வெளி வளையத்தை செட்டின் பாடியோடு ஒரு கம்பியால் சேர்த்ததும் அடங்கியது. அந்த முறை உடமைக்காரரிடம் முழுசாகவே சொன்னேன். திட்டினார்.

காட்பாடி டிரைவர் இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். வண்டி உள்ளே நுழையும்போதே எனக்கு வயிறு கலங்கியது.

“விசில் இல்லணா, அது போயிடுச்சி. இப்போ பின்னால கடகடன்னுது. முன்ன இல்ல.”

டிக்கிப் பக்கம் போய் நின்றேன். பம்பை அடிக்க அடிக்க நம்பர் பிளேட் ஆடிக்கொண்டிருந்தது. அது முதல் நாளிலிருந்தே ஆடியிருக்கும். ஃபோம் துண்டு நாலு வெட்டிப் பின்னால் ஒட்டினேன். ஒட்டும்போது, “அந்த எர்த்து... நான்தான் அன்னிக்கி பெயின்ட்டு மேலயே போட்டுட்டேன்” என்றேன்.

“தெரியும்ணா” என்றார். “அன்னிக்கே பாய் சொல்ட்டாரு.”