முத்து தரையை நனைத்த வாரம்

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை முத்துவுக்கு அப்போது நான்கு வயது. குட்டியாக வந்த இரண்டாம் நாளே மணல் தட்டில் இறங்கி, முன்காலால் பறித்து, வேலையை முடித்து மூடிவிட்டு வந்தவன் அவன். நான்தான் பழக்கினேன் என்று பெருமை கொள்ள இதில் ஒன்றுமில்லை. மண்ணைப் பறித்து மூடுவது பூனையின் பிறவிக் குணம், தட்டை ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்து நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்வது மட்டுமே நம் வேலை. அப்படிப்பட்டவன் ஒரு கோடையில், குளியலறை வாசலிலும் சமையலறைத் தரையிலும் சிறுகச் சிறுக நனைக்கத் தொடங்கினான்.

நான் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்து தங்கியிருந்தார்கள். அந்தக் கோபத்தைத் தரையில் காட்டுகிறான் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் அதட்டினேன். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்பதைத் தண்டித்தால் பூனை திருந்தும் என்று பொருள்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பூனை அடுப்பங்கரையைத்தான் விட்டு விலகியதே தவிர, பாலைத் திருடுவதை விட்டுவிட்டதாகப் பழமொழி எங்கும் சொல்லவில்லை. முத்துவும் என்னிடம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்: நான் இருக்கும் இடத்தில் நனைக்கக் கூடாது. அவன் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிவிட்டதால், நான் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய அறிகுறிகள் இரண்டு நாள் என் கண்ணில் படவே இல்லை.

மூன்றாம் நாள் இரவு தட்டருகே அவனைக் கவனித்தேன். முதுகைக் கூனி, வால் நுனி நடுங்க, நெடுநேரம் முக்கினான். தாழ்ந்த குரலில் ஒரு முறை அழுதான். வெளியே வந்தவன் பத்தடி நடப்பதற்குள் திரும்பிப் போய் மீண்டும் உட்கார்ந்தான். சிறுநீர் பட்டு வழக்கமாக எலுமிச்சம்பழ அளவில் திரளும் மணல் கட்டிகள் அன்று சுண்டைக்காய் அளவில் இரண்டே கிடந்தன. மலச்சிக்கல் என்றே முதலில் நினைத்தேன். பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார். உறவினர் ஒருவர் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். நல்லவேளையாகக் கொடுக்கவில்லை, அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால் சிறிதளவும் உயிரைப் பறித்துவிடும்.

முத்துவின் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்தது. கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் பெட்டையினுடையதைவிடக் குறுகலானது; நுண்ணிய உப்புப் படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். முழுமையாக அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும்; இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். விருந்தினர் வருகை போன்ற மன அழுத்தமும் இந்நோயைத் தூண்டக்கூடும் என்று அறிந்தபோது, என் கோபக் கதையில் விருந்தினர் பகுதி மட்டும் ஓரளவு சரியாக இருந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வறண்ட நிலத்தில், வேட்டையாடிய இரையின் ஈரத்தைக்கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளிய இனம். அதனால் தாகம் குறைவு. பாக்கெட்டில் வரும் உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் அளவுக்கே இருக்கும். ஈர உணவிலோ முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். இப்போது முத்துவுக்கு ஈர உணவே முதன்மை. தண்ணீர்க் கிண்ணங்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து விலகி மூன்று இடங்களில் இருக்கின்றன. பாலை நிறுத்திவிட்டோம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை.

அன்றிரவு மருத்துவரிடம் கொண்டுபோக அவனைக் கூடைக்குள் அடைக்கவே அரை மணி நேரமும் என் இடக்கை முழுதும் கீறல்களும் ஆயின. ஆகவே அவன் தேறியதும் நான் பழக்கியது அந்தக் கூடையைத்தான். கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்து, அவன் மணம் ஏறிய பழைய துண்டை விரித்து, வேகவைத்த கோழித் துணுக்கை முதல் நாள் வாசலிலும், சில நாள் கழித்து நடுவிலும், அதற்குப் பின் கடைசி மூலையிலும் வைத்தேன். தானாக உள்ளே போய் உட்காரத் தொடங்கிய பிறகே, ஒரு நொடி கதவைச் சாத்தித் திறந்தேன். மூன்று வாரம் பிடித்தது. ஒரு முறைகூட அதட்டவில்லை.

கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாகப் பூனை நினைக்கும் என்று கேலி செய்கிறோம். மனிதர் தம்மைப் பார்த்து மெல்லக் கண் சிமிட்டினால் பூனைகளும் அப்படியே சிமிட்டுகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். முத்து கூடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறக்கிறான். பதிலுக்கு நானும் மூடித் திறந்துவிட்டு, மணல் தட்டில் கட்டிகளை எண்ணப் போகிறேன். இன்று காலை மூன்று, மூன்றும் எலுமிச்சை அளவு.