மயாமியின் இரவு: நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 8, 2024, சனிக்கிழமை

தொலைக்காட்சித் தொடரைத் திரைப்படமாக எடுப்பவர்கள் பழைய இசையையும் பழைய சட்டையையும் தூசி தட்டி எடுத்து வருவதுதான் வழக்கம். இயக்குநர் மைக்கேல் மேன் 2006இல், மாறுவேடத்தில் துப்பறியும் போலீஸ் அதிகாரிகளைப் பற்றிய ‘மயாமி வைஸ்’ தொடரைப் படமாக்கியபோது அவை எதையும் கையால் தொடவில்லை. பெரியப்பா மகன் அண்ணனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 1984 முதல் 1989 வரை அமெரிக்காவின் என்பிசி ஒளிபரப்பிய அந்தத் தொடரை வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்தவர் அவர். அதன் நாயகன் டான் ஜான்சனைப் போல டீ-சட்டைக்கு மேல் வெளிர்நிறக் கோட்டைப் போட்டு, அதன் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டபடி அவர் எடுத்துக்கொண்ட படம் சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. நேற்றிரவு அவருடன் அமர்ந்துதான் படத்தைப் பார்த்தேன். அரை மணி நேரத்திலேயே, “யார் யாருன்னே சொல்லாம கதைய ஆரம்பிச்சா எப்படி, தம்பி?” என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

கேள்வி நியாயமானது. திரையரங்குப் பதிப்பில் முன்கதையோ பெயர் அறிமுகமோ இல்லை; நேராக ஓர் இரவு விடுதிக்குள் போய் விழுகிறோம். வேறொரு வழக்குக்காக அங்கே காத்திருக்கும் அதிகாரிகளுக்குப் பழைய தகவலாளி ஒருவரிடமிருந்து அழைப்பு வருகிறது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் ஓடுகிறார்கள். தொடருக்கு யான் ஹாமர் அமைத்த புகழ்பெற்ற தொடக்க இசை படம் முழுக்க ஒரு முறைகூட ஒலிப்பதில்லை. தொடரைப் பற்றி எதுவும் தெரியாத வேற்றாள் இப்படிச் செய்திருந்தால் அலட்சியம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆண்டனி யெர்கோவிச் உருவாக்கிய அந்தத் தொடருக்கு நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்து அதன் தோற்றத்தைத் தீர்மானித்தவர்களுள் ஒருவர் மேன். தாம் போட்ட கோலத்தைத் தாமே அழிக்கிறார் என்னும்போது காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, திங்கட்கிழமை

அண்ணனின் இரண்டாவது புகார், படம் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கிறது என்பது. உண்மைதான். ஒளிப்பதிவாளர் டியான் பீபி பெரும்பகுதியைத் தாம்சன் வைப்பர் என்னும் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். 2004இல் ‘கொலாட்டரல்’ படத்துக்கும் மேனும் அவரும் இதே கேமராவைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளில் இரவு வானம் கறுப்பாகத்தான் பதியும். டிஜிட்டலில் உணர்திறனைக் கூட்டினால் நகர வெளிச்சம் பட்ட மேகமும் தொலைவில் வெட்டும் மின்னலும் பதிந்துவிடும். அதற்கு விலையாகத்தான் அந்தப் புள்ளிகள் வந்து சேர்கின்றன. நள்ளிரவு தாண்டி பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று உட்லண்ட்ஸ் பக்கம் பார்த்தவர்களுக்கு இந்த வானம் புதிதல்ல. நம் ஊரிலும் இரவு முழுமையாகக் கறுப்பதில்லை.

இந்த இரவில்தான் படத்தின் மிகச் சிறந்த காட்சி நடக்கிறது. மனைவியைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்த தகவலாளி அலன்ஸோவை அதிகாரிகள் நெடுஞ்சாலையில் மடக்குகிறார்கள். மனைவி ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியவருகிறது. அழுகையும் இல்லை, வசனமும் இல்லை; ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளுக்கு நடுவே அவர் போய்விடுகிறார். லாரி கடந்ததும் தார்ச்சாலையில் நீளமாக இழுபட்ட சிவப்புத் தடம் மட்டும் சில கணங்கள் தெரிகிறது. அந்த நொடியில் இசையைக் கூட்டாத இயக்குநரின் நிதானத்துக்காகவே இதர குறைகள் பலவற்றை நான் மன்னித்துவிடுவேன்.

ஜூன் 13, வியாழக்கிழமை

அலுவலக இடைவேளையில் பேச்சு படத்தில் நடித்த சீன நடிகை கோங் லீ பக்கம் திரும்பியது. 2008இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்பதால் இங்கே பலருக்கும் அவர்மீது ஒரு சொந்தம் உண்டு. கடத்தல் கும்பலின் கணக்கு வழக்கை நடத்தும் இசபெல்லாவாக அவர் வருகிறார். தலைவனின் காதலி என்பதைவிட நிர்வாகி என்பதுதான் பொருத்தம். பேரம் பேசும் மேசையில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். ஆங்கில வசனங்களில் அவர் தடுமாறுவது காதில் விழத்தான் செய்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் நாயகர்களுள் ஒருவரான காலின் ஃபாரெலுடன் அதிவேகப் படகில் ஏறி, ஒரு கோப்பை மொஹிட்டோ மதுபானத்துக்காக ஹவானாவுக்கே போய்வரும் பகுதியில் அவருடைய கண்ணும் தோளும் பேசுவது போதுமானது. (கியூபாவில் படமெடுக்க வழியில்லாததால் ஹவானாவாக நடித்தது உருகுவே.)

உண்மையான இழப்பு, இன்னொரு நாயகன் டப்ஸாக வரும் ஜேமி ஃபாக்ஸுக்குத்தான். தொடரில் டப்ஸ் சரிபாதி. படத்திலோ காதலி பணயமாகப் பிடிபடும்வரை அவருக்கென்று ஒரு தனிக் கவலையும் எழுதப்படவில்லை.

ஜூன் 17, திங்கட்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை

சுமார் 135 மில்லியன் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகம் முழுக்கச் சுமார் 164 மில்லியன் வசூலித்தது. விளம்பரச் செலவையும் திரையரங்குகளின் பங்கையும் கழித்தால் அது லாபக் கணக்கல்ல. காலப்போக்கில் படத்துக்கு ஒரு தீவிர ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. படத்தை ரசிப்பவர்களாலும் ரசிக்காதவர்களாலும் இன்றுவரை ஒருவரையொருவர் சமாதானப்படுத்த முடியவில்லை.

இன்று மறுபடியும் பார்த்தபோது என்னை உறுத்தியது வேறொன்று. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரணதண்டனை வரை போகும் சட்டத்தின்கீழ் வாழ்பவர்கள் நாம். குற்றத் தடுப்பு பற்றிய ‘கிரைம்வாட்ச்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் அதிகாரி ஒருவர் தோன்றி அறிவுரை சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள். இந்தப் படத்திலோ போதைப்பொருள் டன் கணக்கில் விமானத்திலும் படகிலும் போகிறது. அது யாரைக் கெடுக்கிறது என்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சரக்கு, வழித்தடம், நேரம், விலை என்பதற்கு மேல் பேச்சே கிடையாது. முதலில் இது எனக்குப் பொறுப்பின்மையாகப் பட்டது. ஆனால் மாறுவேடத்தில் கும்பலுக்குள் போன அதிகாரி கும்பலின் மொழியைத்தான் பேசியாக வேண்டும். அறத்தைப் பேச வாய் திறந்தால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும். அறிமுகம் இல்லாததற்கும், நகைச்சுவை வற்றியதற்கும், வெளிர்நிறக் கோட்டு காணாமல் போனதற்கும் எனக்குக் கிடைத்த காரணம் இதுதான்: வேலைக்கு வெளியே இந்த மனிதர்களுக்கு ஒரு முகம் மிச்சமில்லை.

அண்ணன் கடைசியில், “சரி, எந்தப் பதிப்பைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லு,” என்று செய்தி அனுப்பியிருந்தார். இயக்குநரின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு படகுப் பந்தயத்தில் தொடங்கி, பொறுமையாக ஆட்களை அறிமுகப்படுத்துகிறது. தொடரின் முதல் அத்தியாயத்தில் ஒலித்த ஃபில் காலின்ஸ் பாட்டின் ராக் வடிவம் இறுதி மோதலுக்கு முன் வருவதும் அதில்தான். அவருக்கு அது பிடிக்கும், எனவே அதையே எழுதி அனுப்பினேன். என் வாக்கு மட்டும் திரையரங்குப் பதிப்புக்குத்தான். அந்தப் பாட்டு அதில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகே வருகிறது.