ஒரு கேத்தல் முத்தல் இலை

கண்டியில், வீடுகளும் டியூஷன் வகுப்புகளுமாக இருக்கும் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு மால் இருக்கிறது. கீழே சுப்பர்மார்க்கட், நடுவில் போன் கவர் விற்கிற கடைகள், மேலே சாப்பாட்டுக் கடைகள், அவ்வளவுதான். அந்த மேல்மாடியில் டிம்சம் என்கிற சீனப் பலகாரக் கடை ஒன்று வந்திருக்கிறது என்று மச்சானின் காதுக்கு எட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மச்சான் சில வருஷம் துபாயில் ஒரு ஹோட்டல் கிச்சனில் இருந்தவர். அங்கே அவர் பாத்திரம் கழுவுகிற பக்கத்தில்தான் இருந்தார் என்று அக்கா சொல்லுவாள், ஆனால் சீனச் சாப்பாடு என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனுஷன் சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்.

நாங்கள் கண்டிக்குப் போனது என்னவோ சாரி எடுக்கத்தான். வெள்ளிக்கிழமை வேறு. ஹட்டனில் காலையிலேயே பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து வந்து, கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, அக்காவுக்குப் பிடித்த நிறம் அத்தைக்குப் பிடிக்காமல், அத்தைக்குப் பிடித்தது பட்ஜெட்டுக்குப் பிடிக்காமல், கடைசியில் யாருக்குமே பிடிக்காத ஒரு சாரியை எல்லோரும் ஒற்றுமையாக எடுத்து முடிக்கும்போது மத்தியானம் ஒன்றரை. சாதாரணமாக இந்த நேரத்துக்கு ஒரு சைவக் கடைக்குள் நுழைந்து சோறு சாப்பிட்டிருப்போம். மச்சான் விடவில்லை. "நான் ட்ரீட் வைக்கிறேன்" என்றார். மச்சான் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசில் நடக்கிற காரியமில்லை, அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

எஸ்கலேட்டரில் அத்தையை ஏற்றிய கதை தனிக் கதை, அதை விடுவோம்.

சைனீஸ் கடை என்றதும் அத்தை ரோல்ஸை நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். பாவம், நம்மூர் பேக்கரியில் உருளைக்கிழங்கும் மீனும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்து, சைனீஸ் ரோல்ஸ் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். சீனாக்காரன் யாராவது அதைப் பார்த்தால் என்ன சொல்வான் என்று தெரியாது, ருசியைப் பொறுத்தவரை அவனுக்குத்தான் நஷ்டம். இங்கே பார்த்தால் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. அத்தை பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்குப் படைக்கிற கொழுக்கட்டையத்தான் இங்கயும் அவிச்சுக் குடுக்கிறானுக" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஓர்டர் எடுக்க வந்த தம்பிக்கு இருபது வயது இருக்கலாம். அவன் சிங்களத்தில் கேட்டான், மச்சான் இங்கிலீசில் சொன்னார். ஹார் காவ், சியூ மாய், பாவ், கோழிக்கால், தாமரை இலைச் சோறு என்று மெனுவைப் பார்க்காமலேயே அடுக்கினார். அசல் கான்டனீஸ் கடைகளில் சியூ மாய் என்றால் பன்றி இறைச்சியும் இறாலும்தான், இங்கே கோழி. அதற்கு மச்சான் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த பிரச்சினை அம்மா. வெள்ளிக்கிழமை, அதுவும் கோயிலுக்குப் போய் வந்த கையோடு. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். "அம்மாவுக்கு முள்ளங்கிக் கேக் சொல்லுவோம், முழுக்க மரக்கறி" என்று மச்சான் சொல்லி வாய் மூடவில்லை, அந்தத் தம்பி குனிந்து அம்மாவிடம் சுத்தமான தமிழில், "அம்மா, அதுல கூனி இறால் போட்டிருக்கு, சொசேஜும் கொஞ்சம் இருக்கு. காளான் வச்சது மட்டுந்தான் நீங்க சாப்புடலாம்" என்றான். முள்ளங்கியைத் துருவி, அரிசி மாவோடு இதையெல்லாம் கலந்து அவித்து, துண்டு போட்டு வாட்டி எடுக்கிற சாமான் அது. பெயரில் மட்டும்தான் முள்ளங்கி. மச்சான் கூரையைப் பார்த்தார். அம்மா தம்பியைப் பார்த்து, மலைநாட்டில் தமிழர் இருவர் சந்தித்தால் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

தலவாக்கலைப் பக்கம். அவனுடைய அம்மா இன்னமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். போச்சு. அதற்கப்புறம் அவன் எங்கள் மேசைக்கு வெயிட்டர் இல்லை, அம்மாவுக்குத் தத்துப்பிள்ளை.

கூடைகள் வந்தன. டிம்சம் கடைக்கு ஐந்து பேராகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன், ஹார் காவ் ஒரு கூடையில் நாலு, பாவ் மூன்று. இதை ஐந்தாகப் பிரிக்க முடியாது. இரண்டாவது கூடை சொல்லலாம்தான், ஆனால் ஒரு கூடை 1250 ரூபா என்பதை அக்கா அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள், அவள் பார்த்த பார்வையில் மச்சான் இரண்டாவது கூடை சொல்வதாக இல்லை. அந்த ஹார் காவ் இருக்கிறதே, உண்மையிலேயே அழகான சாமான். கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தை வெந்நீரில் பிசைந்து மெல்லிசாகத் தட்டுகிறார்கள், வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, உள்ளே இறால் சிவப்பாகத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்ன மடிப்பு. அத்தை அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து மடிப்பை எண்ணினார். ஒன்பது. "பொறுமசாலி" என்றார். குச்சியால் எடுக்கிறேன் என்று மச்சான் எடுத்தது வழுக்கி சோயா சோஸுக்குள் விழுந்து, அந்த சோஸ் புதுச் சாரி இருந்த பைமேல் தெறித்து, அக்கா அதைத் துடைத்த விதத்திலேயே வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பாவ் வெள்ளை வெளேரென்று மெத்தென்று இருந்தது. மச்சான் ஒன்றை முழுதாக எடுத்துக்கொண்டார். ட்ரீட் வைப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஆவியில் கூடையோடு ஒட்டாமலிருக்க அடியில் சதுரமாக ஒரு காகிதம் வைப்பார்கள். மச்சான் அசலைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டே காகிதத்தோடு சேர்த்துக் கடித்து, மென்று, விழுங்கியும் விட்டார். பார்த்தது நானும் அத்தையும். நான் சும்மா இருந்தேன். அத்தை சும்மா இருக்கிற ஆள் இல்லையே. "மாப்ள, அந்தப் பேப்பரு துபாய்ல திங்கிறதா?" என்று கடைக்கே கேட்கும்படி கேட்டார். அதற்குப் பிறகு தாமரை இலைச் சோறு வந்தபோது மச்சான் இலையைத் தொடாமல் எங்களில் யாராவது முதலில் பிரிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அன்றைக்கு ஜெயித்தது கோழிக்கால். பொரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் மசாலாவில் வேகவைத்து, கருப்பு பீன்ஸ் சோஸோடு திரும்ப அவிக்கிறார்கள். தோல் உப்பி, எலும்பிலிருந்து தானாகவே கழன்று வருகிறது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, விரல் விரலாக உறிஞ்சித் துப்பினார். "கோழிக்கடையில இதச் சும்மா தூக்கிக் குடுப்பானே" என்று சொன்னாரே தவிர, கூடையை யாருக்கும் நகர்த்தவில்லை.

இனித் தேத்தண்ணிக்கு வருகிறேன். குவாங்சோ, ஹொங்கொங் பக்கம் சனங்கள் காலையில் போய் உட்காருவதே தேத்தண்ணி குடிக்கத்தான், இந்தக் கூடைகளெல்லாம் அதற்குக் கடிக்க வைப்பது என்று மச்சான் சொன்னார். இது உண்மைதான். கேத்தல் காலியானால் மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும், அதைப் பார்த்து வெந்நீர் ஊற்றுவார்கள். யாராவது கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் தட்டவேண்டும், அதுதான் நன்றி. சியன்லோங் என்று ஒரு பேரரசர் மாறுவேஷத்தில் போய்த் தன் ஆட்களுக்கே தேத்தண்ணி ஊற்றினாராம், காலில் விழுந்தால் வேஷம் கலைந்துவிடுமே என்று அவர்கள் விரலை மடித்துத் தட்டினார்களாம். கதைதான், ஆனால் தட்டுகிற பழக்கம் நிஜம். மச்சான் மூடியைச் சாய்த்து வைத்தார். தம்பி வந்து, "ஈ விழும் சேர்" என்று மூடிவிட்டுப் போனான். திரும்பச் சாய்த்தார், திரும்ப மூடினான். ஒரு தடவை அவன் ஊற்றும்போது மச்சான் கம்பீரமாக இரண்டு விரலால் தட்டினார். அவன் பதறிப்போய், "இந்தா வருது சேர், ரெண்டு நிமிஷம்" என்று கிச்சனுக்குள் ஓடினான். எது வருகிறது என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

காளான் கொழுக்கட்டை முடிந்ததும் அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. கோப்பையைத் தூக்கி மணந்து பார்த்தார். பால் இல்லை, சீனி இல்லை, சாயமும் எங்கள் பிளேன்டீ மாதிரி சிவப்பாக இல்லாமல் மஞ்சளாக இருந்தது. "இது என்னாது?" ஊலாங் என்கிற சீனத் தேயிலை என்றேன். ஒரு கேத்தல் 950 ரூபா என்று மெனுவில் போட்டிருந்ததை அக்கா பக்கத்திலிருந்து வாசித்தாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கேத்தல் மூடியைத் திறந்தார், கரண்டியால் ஒரு இலையை வெளியே எடுத்தார், உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் மெதுவாக நீவி விரித்தார். சுருண்டு கிடந்தது விரிந்து, காம்போடு முழு இலையாக வந்தது, ஓரமெல்லாம் சிவந்து, நரம்பு தடித்துப்போய். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"முத்தல் எல" என்றார் அம்மா.

ஊலாங்குக்கு அப்படித்தான், நன்றாக விரிந்த மூன்று நாலு இலையோடு சேர்த்துத்தான் பறிப்பார்கள், வாசம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா கேட்பதாக இல்லை. டிம்புள்ள மலைகளில் காலமெல்லாம் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறித்தவருக்கு ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதற்கு மேல் எல்லாம் குற்றம். "இந்த மாதிரி எலையக் கூடையில போட்டுக்கிட்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருந்தா கணக்கப்புள்ள அத்தன பேருக்கு முன்னாலயும் கொட்டிக் காட்டி ஏசியிருப்பாரு. ரெண்டு கிலோ வெட்டியிருப்பாரு. இவனுக இதக் கேத்தல்ல போட்டு 950 ரூவா வாங்குறானுக." கையிலிருந்த இலையைத் தம்பியிடம் நீட்டினார். அவனும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, முத்தல்தான்" என்றான். அவனுக்கும் தெரியும்தானே.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள். ஆக ஒரு பேருக்கு நாலு கிலோ. கேத்தலுக்கு ஆறு கிராம் என்று வைத்தால் 660 கேத்தலுக்கு மேல் வருகிறது, 950ஆல் பெருக்கினால் ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. 2024இல் வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா, அம்மா வேலையை விட்ட காலத்தில் அதில் பாதிகூட இல்லை. கடைக்காரனுக்கு வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, இலையும் வேறு இலை, இது நியாயமான கணக்கு இல்லைதான். ஆனால் அந்த ஆறு லட்சத்தைக் கேட்டதும் அத்தை கோழிக்காலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"1824இல் முதல் தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவுக்கு வந்ததே சீனாவிலிருந்துதானே, அவன் சாமானை அவன் விலைக்கு விற்கிறான்" என்று மச்சான் சமாதானம் சொல்லப் பார்த்தார். "வந்தது அவன் செடியா இருக்கட்டும், பறிச்சது யாரு?" என்றார் அம்மா. மச்சானிடம் அதற்குப் பதில் இல்லை, மூடியை மறுபடியும் சாய்த்து வைத்தார்.

அப்போதுதான் தம்பி அம்மா பக்கம் குனிந்து மெல்ல, "அம்மா, வெந்நி எத்தன தரம்னாலும் சும்மாதான். இந்த எல அஞ்சாறு தண்ணிக்குத் தாங்கும்" என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சாரிப் பையை மடியிலிருந்து கீழே வைத்தார். ஊர்க்கதை தொடங்கியது, தலவாக்கலையில் யார் யாருக்கு என்ன உறவு என்று தம்பியை நிற்க வைத்தே விசாரணை, அவன் போய் வெந்நீரோடு வருவான், ஊற்றுவான், அம்மா கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார், திருப்தியாகக் குடிப்பார். பில் வந்தது, பத்து வீத சேர்விஸ் சார்ஜோடு, மச்சான் அதைப் படித்தார், கட்டினார், ரசீதும் வந்துவிட்டது. மூன்றரை ஆகிவிட்டது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்கா போனைக் காட்டினாள். டை கட்டிய மேனேஜர் வந்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் நாலு பேருக்கும் விளங்கி எழுந்தே விட்டோம்.

அம்மா எழவில்லை. கேத்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், "சாயம் இன்னும் எறங்குதுங்க" என்றார்.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. தம்பி சிங்களத்தில் அவரிடம் என்ன சொன்னானோ, அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், இவன் வெந்நீர் எடுக்கப் போனான்.