இரண்டாம் பாகம் வரும் வரை

2003 அக்டோபர் 12, ஞாயிறு

மேட்டூரை இந்த மாதம்தான் திறந்தார்கள். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போனது, ஆடிப்பெருக்கு போனது, இப்போது புரட்டாசியே முடியப்போகிறது. போன வருடமும் குறுவை இல்லை, இந்த வருடமும் இல்லை. வெண்ணாற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு இன்றோ நாளையோ வந்துவிடும் என்று டீக்கடையில் பேச்சு. அப்பா காலையிலிருந்து இரண்டு தடவை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எந்த நெல் விதை போடுவது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சி.ஆர். 1009 என்றால் 150 நாளுக்கு மேல் வேண்டும். வழக்கப்படி ஜனவரி 28இல் அணையை மூடிவிடுவார்கள், அதுவரைக்கும்கூட இருப்பு தாங்குமா என்பது சந்தேகம். நாள் குறைவான ஆடுதுறை 39தான் சரி என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். சாயங்காலம் நியூஜெர்சியிலிருந்து அண்ணன் போன் செய்தபோது அவனிடமும் கேட்டார். அவனும் அதையேதான் சொன்னான். "பெரியவன் சொல்லிட்டான், 39 வாங்கிடுவோம்" என்றார் அப்பா. சரி, விதை முடிவானது.

கடைசியில் போன் என் கைக்கு வந்தது. அண்ணன் சொன்ன முதல் விஷயமே இதுதான்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் இரண்டாம் பாகமான 'தி டூ டவர்ஸ்' நீளமான பதிப்பு நவம்பர் 18 அன்று அங்கே டிவிடியாக வருகிறது. தியேட்டரில் ஓடியது 179 நிமிடம், இது 223. கார்த்திகையில் அத்தை மகள் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறானாம். இன்னும் இரண்டு மாதம். இரவு தூக்கம் வரவில்லை.

2003 அக்டோபர் 15, புதன்

வாய்க்காலில் தண்ணீர். முதலில் சருகும் நுரையும் குச்சியும் உருண்டு வந்தன, பின்னால் கலங்கலாகத் தண்ணீர். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

2003 நவம்பர் 2, ஞாயிறு

தீபாவளிக்கு வாங்கிய டிவிடி பிளேயரில் இன்று ஒத்திகை பார்த்தேன். போன டிசம்பரில் அண்ணன் விட்டுவிட்டுப் போன பச்சைப் பெட்டி என்னிடம் இருக்கிறது, முதல் பாகத்தின் நீளமான பதிப்பு. அப்போது அவன் மடிக்கணினியில் பார்த்தோம். இன்று பிளேயரில் போட்டால் ரீஜன் தவறு என்று ஒரே வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது.

டிவிடிக்காக உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. நாம் 5. அங்கே வாங்கிய தட்டு இங்கே விற்கும் பிளேயரில் ஓடக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு ஊரிலும் படம் வெவ்வேறு தேதியில் வெளியாவதால் வியாபாரம் கெடாமல் இருக்க இப்படிச் செய்கிறார்களாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை ஊர் பார்த்துத் தடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிளேயரைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் கடைக்கே போனேன். கடைக்காரர் தட்டு வைக்கும் டிரேயைத் திறந்துவைத்து ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்தினார். திரையில் ரீஜன் 5 என்று வந்தது. அதைப் பூஜ்யமாக்கினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போட்டால் படம் ஓடியது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அமெரிக்கத் தட்டின் வண்ண முறை என்.டி.எஸ்.சி., நம் பழைய டிவிக்குத் தெரிந்தது பால் (PAL) முறை. பிளேயர் செட்டிங்கில் தேடிப்பிடித்து மாற்றியதும், ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள் வாழும் ஷயரின் பச்சை வந்தது. நடவுக்குத் தயாராக இருக்கும் நாற்றங்கால் பச்சை.

ஒத்திகைக்கு என்று போட்டவன் 208 நிமிடத்தையும் பார்த்து முடித்தேன். எல்ஃபுகளின் காடான லோத்லோரியனில் எல்லோருக்கும் பரிசு கொடுக்கும் கட்டம் தியேட்டர் பதிப்பில் சுருங்கிவிட்டது. தீய மோதிரத்தை அழிக்கக் கொண்டுபோகும் ஹாபிட் ஃப்ரோடோவின் தோழன் சாமுக்குக் கயிறு கிடைப்பது இந்த நீளமான பதிப்பில்தான் இருக்கிறது. மெல்லிய கயிறு, பார்த்தால் சாதாரணம். அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பாகத்தில் பயன்படுத்தாமல் விடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2003 நவம்பர் 18, செவ்வாய்

இன்று அங்கே வெளியாகிறது. இங்கே மேலத்தெரு பக்கம் நடவு முடிந்து, எங்கள் கடைசி இரண்டு மா நிலம் மட்டும் பாக்கி. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இந்தப் பதிப்பில் வேண்டியது ஒன்றே ஒன்று. கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாரமிருக்கு நியாயம். டோல்கீன் நாவலில் அவன் மோதிரம் இருப்பது தெரிந்தும், வழியில் கிடந்தால்கூட எடுக்கமாட்டேன் என்று சொல்லி ஃப்ரோடோவை விட்டுவிடுகிறவன். தியேட்டரில் பார்த்த படத்தில் அவன் ஃப்ரோடோவைப் பிடித்து, பாழடைந்த நகரமான ஆஸ்கிலியத் வரை இழுத்துக்கொண்டு போகிறான். நாவல் படித்தவர்கள் பலருக்கும் இதில் வருத்தம், எனக்கும்தான். சென்னையில் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நல்லவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்பதற்குப் படம் காரணம் சொல்லவில்லை. காரணத்தை எடுத்து வைத்திருந்து, நேரம் போதாமல் வெட்டியிருப்பார்கள் என்று அப்போதே தோன்றியது. மூன்று படத்தையும் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் ஒரே மூச்சில் எடுத்தவர், 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை. அவரிடம் இருக்கும்.

தியேட்டர்காரர்களையும் குறை சொல்ல முடியாது. மூன்றே முக்கால் மணி நேரப் படத்தை ஒரு நாளைக்கு எத்தனை காட்சி ஓட்டுவது? வீட்டில் போடும் தட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனால்தான் வெட்டிய காட்சிகளைத் தனியாக ஒரு மூலையில் போடாமல், கிராபிக்ஸ் வேலையை முடித்து, ஹோவர்ட் ஷோரைப் புதிதாக இசை சேர்க்கச் சொல்லி, படத்துக்குள்ளேயே கோத்துத் தருகிறார்கள். இவ்வளவு மெனக்கெடுகிறவர்களுக்காகக் காத்திருக்கலாம்.

2003 நவம்பர் 23, ஞாயிறு

வாங்கிவிட்டான்! சிவப்புப் பெட்டி, நான்கு தட்டு. படம் இரண்டில், படம் எடுத்த கதை இரண்டில். "பிரிக்காதே" என்றேன். "பிரிக்கலை, மேஜை மேலயே இருக்கு, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான். அவனும் சின்னப் பையன் மாதிரிதான்.

2003 டிசம்பர் 7, ஞாயிறு

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பயிர் தூர் கட்டியிருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "மூணே முக்கால் மணி நேரமா? யாருடா உக்காந்திருப்பா?" என்றார். பதில் சொன்னது அப்பாதான். சின்ன வயதில் நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூருக்கு நடந்தே போய், பாகவத மேளாவை விடிய விடியப் பார்த்திருக்கிறாராம். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நரசிம்மம் வரும்வரை யாரும் எழுந்திருக்கமாட்டார்கள், நடுவில் தூங்கினவனைப் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவாராம். "கதைன்னா அது பாட்டுக்குத்தான் நடக்கும். அவசரமா சொன்னா என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

அப்பா என் பக்கம் பேசிக் கேட்டு நாளாகிவிட்டது. இரண்டாவது தோசை கேட்கவே மறந்துபோனேன்.

2003 டிசம்பர் 13, சனி

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தான். வியாழன் கல்யாணம், நேற்று மறுவீடு. நேரம் கிடைத்தது இன்றைக்குத்தான். எட்டரைக்குப் போட்டோம். நான், அண்ணன், அம்மா, கட்டிலில் அப்பாயி. மழை வலுத்ததால் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு வடிகால் பார்க்கப் போய்விட்டார்.

முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே கயிறு வந்தது. ஃப்ரோடோவும் சாமும் அதில் பாறையிலிருந்து இறங்குகிறார்கள். மேலே முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று சாம் வருத்தத்தோடு ஒரு இழுப்பு இழுக்க, முடிச்சு தானாக அவிழ்ந்து கீழே வந்து விழுகிறது. நான் கைதட்டிவிட்டேன். போன வருடத்துத் தட்டில் கொடுத்ததை இந்த வருடத்துத் தட்டில் திருப்பித் தந்திருக்கிறார்கள். தியேட்டரில் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கயிறே தெரியாது.

ரோஹன் நாட்டு அரசன் தியோடனின் மகனை அடக்கம் செய்யும் கட்டம். தியோடனின் தங்கை மகள் ஏவின் நின்று பாடுகிறாள். பழைய ஆங்கிலத்தில் பாட்டு, எங்கள் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பாயி எழுந்து உட்கார்ந்தது. "ஒப்பாரி வைக்குதே அந்தப் பொண்ணு. யாரு செத்தது, அண்ணனா?" என்று கேட்டது. இல்லை, தாய்மாமன் மகன் என்றேன். "அதான் குரல் அப்படி வருது" என்றது. அடுத்த காட்சி குதிரைகளோடு ஓடியது. அப்பாயி மட்டும் கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

நடந்து பேசும் மரமான ட்ரீபியர்டின் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து ஹாபிட்டுகள் மெரியும் பிப்பினும் உயரமாகிற காட்சியும் சேர்ந்திருக்கிறது. ஒருவரை விட ஒருவர் உயரம் என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அது பிடித்தது.

அப்புறம் நான் காத்திருந்தது வந்தது. ஃபாரமிரின் நினைவாக ஆஸ்கிலியத். ஊரை மீட்ட நாள், வீரர்கள் கொண்டாடுகிறார்கள், அண்ணன் போரோமிரும் தம்பி ஃபாரமிரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். அப்பா டெனத்தோர் வருகிறார். பெரியவனுக்கே எல்லாப் புகழும். வெற்றியில் தம்பிக்கும் பங்கு உண்டு என்று போரோமிர் எடுத்துச் சொல்கிறான், அவர் காதில் ஏறவில்லை. மோதிரத்தை எனக்குக் கொண்டுவா என்று பெரியவனைத்தான் எல்ஃபுகளின் ஊரான ரிவெண்டெல்லுக்கு அனுப்புகிறார். நான் போகிறேன் என்று முன்வந்த சின்னவனைத் தட்டிக்கழிக்கிறார். போகும்போது போரோமிர் திரும்பிப் பார்த்து, இந்த நாளை நினைவில் வைத்துக்கொள் என்று தம்பியிடம் சொல்கிறான். சில நிமிடம்தான் இருக்கும். ஆனால் அந்த மோதிரத்தைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தால் என்ன நடக்கும் என்று ஃபாரமிர் ஏன் நினைத்துப் பார்த்தான் என்பது அதில் முழுதாக இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு, கடைசியில் அவன் ஃப்ரோடோவை விடுவிக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறான் என்றும் தெரிகிறது. இதைப் போய் வெட்டினார்களே!

அண்ணன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் வர நேரமானது. வந்ததும், "அந்த 39 விஷயம், நீதான் முதல்ல சொன்னியாமே. அம்மா சொன்னாங்க" என்றான். ஆமாம் என்றேன். "நான் அப்பாகிட்ட பேசுறேன்" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன். படத்தை மறுபடி ஓட்டினான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு அப்பா வந்தார். முழங்கால் வரை சேறு. அந்த நேரம் பார்த்து, மரங்கள் ஐசன்கார்டின் அணையை உடைத்துவிட்டன. அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்து, உலைக் குழிகளில் விழுந்து, தீ அணைந்து, தலையில் நெருப்புப் பிடித்த ஒரு மரம் ஓடிவந்து வெள்ளத்தில் முங்குகிறது. "யாரு அணை அது?" என்றார். கெட்டவன் கட்டினது, காட்டையெல்லாம் வெட்டி உலையில் போட்டவன் என்றேன். "உடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

2003 டிசம்பர் 14, ஞாயிறு

பகல் முழுக்க மற்ற இரண்டு தட்டுகள். ஹெல்ம்ஸ் டீப் சண்டையை மாதக்கணக்கில் இரவு இரவாக, செயற்கை மழையில் நனைந்தபடி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்கு ஆள் உயரத்துக்கும் பெரிதான மாதிரியும் செய்திருக்கிறார்கள். இன்னும் பார்த்து முடியவில்லை.

2003 டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று அண்ணன் கிளம்பினான். மூன்றாம் பாகம் 17ஆம் தேதி அங்கே வெளியாகிவிட்டது, போய் இறங்கியதும் பார்க்கப்போகிறான். பார்த்ததைப் போனில் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். சிவப்புப் பெட்டியைப் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா நாற்காலியை டிவி முன்னால் இழுத்துப் போட்டார். "அந்த அணை உடையுற படத்தைப் போடு" என்றார். அந்தக் கட்டத்தை மட்டும் போடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? முதல்லேர்ந்து போடு. யாரு எவருன்னு நீ சொல்லிக்கிட்டே வா."

போட்டேன். பாறையிலிருந்து இருவரும் இறங்கினார்கள். கயிறு அவிழ்ந்து விழுந்தது. அப்பா முன்னால் குனிந்தார்.

"இது என்னடா கயிறு? எங்க கிடைச்சது இவனுக்கு?"

"அது முதல் பாகத்துல வருதுப்பா. ஒருத்தங்க கொடுப்பாங்க."

"அப்ப அதை எடு."

ஒன்பது இருபதுக்குப் பச்சைப் பெட்டியைப் பிரித்தேன்.