ஆறு கிராங்க் பின், அறுபது டிகிரி: அவுரேலியா இன்ஜினை நாலில் ஒரு பங்கு அளவில் செய்து பார்த்தது

நாலு மாதமாகச் சாப்பாட்டு மேஜையின் பாதியை இந்த இன்ஜின்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது முடியும் என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அதனால் இதுவரை ஆனதை எழுதி வைக்கிறேன்.

செய்வது லான்சியா என்ற இத்தாலியக் கார் கம்பெனியின் அவுரேலியா பி20 ஜிடி காரின் இன்ஜின், வண்டியின் பின்னால் இருக்கும் அதன் கியர்பாக்ஸ், இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட். பெட்ரோல் குடிக்காது, ஓடாது. கையால் சுற்றினால் உள்ளே எது எப்படி அசைகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இத்தாலிய ஜிடி (வேகமும் சொகுசும் சேர்ந்த நெடுந்தூரக் கார்) என்றாலே பன்னிரண்டு சிலிண்டர், சிவப்பு பெயின்ட் என்று நினைக்கிற ஆள்தான் நானும். அவுரேலியா பி20 1951இல் வந்தபோது அதில் இருந்தது வெறும் 1991 சிசி, 75 குதிரைத்திறன். கியர் குச்சி ஸ்டியரிங் தண்டில். இத்தாலியில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டுவார்கள், இருந்தும் லான்சியாக்காரர்கள் பிடிவாதமாக ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே வைத்தார்கள். அந்த வருடமே இந்தக் காரில் ஜொவான்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மாலியோலியும் மில்லே மிலியா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தில் மொத்தத்தில் இரண்டாவதாக வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போன ஃபெராரியின் இன்ஜின் இதைப்போல் இரண்டு மடங்கு. இதைப் படித்த பிறகுதான் அந்தச் சின்ன இன்ஜினுக்குள் என்னதான் இருக்கிறது என்று அரிக்க ஆரம்பித்தது.

தொடர்ச்சியாகத் தயாரித்து விற்பனைக்கு வந்த முதல் வி6, அதாவது ஆறு சிலிண்டரும் இரண்டு வரிசையாக வி வடிவில் சாய்ந்து நிற்கும் இன்ஜின், இதுதான். 1950இல் பி10 என்ற நாலு கதவு அவுரேலியாவில் 1754 சிசியாக வந்து, பி20க்காகப் பெரிதானது. வடிவமைத்தவர் ஃபிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ. அவருக்கு மேலே இருந்தவர் முன்பு ஆல்ஃபா ரோமியோவுக்குப் பந்தயக் கார்கள் செய்து கொடுத்த விட்டோரியோ யானோ.

நிஜ இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 81.5. நாலால் வகுத்தால் 18ம், 20.4ம். 3டி பிரிண்டரில் பிளாக்கையும் பிஸ்டன்களையும் அச்சடித்தேன், அதில் பெரிய கதை இல்லை. கதையெல்லாம் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டில்தான்.

வி இன்ஜின் என்றால் எதிரெதிர் இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னை (பிஸ்டனின் கனெக்டிங் ராடு மாட்டும் முளை) பகிர்ந்துகொள்ளும் என்பது வி8 படங்களைப் பார்த்துப் பார்த்து என் மண்டையில் பதிந்துபோன விஷயம். அதனால் யோசிக்காமல் 120 டிகிரி இடைவெளியில் மூன்று பின் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கனெக்டிங் ராடு மாட்டிவிட்டேன். சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே 60 டிகிரி. சுற்றிப் பார்த்தால் அருமை! ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரு பிஸ்டன் உச்சிக்கு வருகிறது, ஒரு சுற்றுக்கு ஆறு, கடிகாரம் மாதிரி. வீடியோ எடுத்து இரண்டு நண்பர்களுக்கு அனுப்பியும் ஆயிற்று.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாட்டும் நாளில்தான் மானம் போனது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். 720 டிகிரியில் ஆறு வெடிப்பு, அப்படியானால் 120க்கு ஒன்று என்று வந்தால்தான் சீராக ஓடும். என் கிராங்கில் ஆறு பிஸ்டனும் ஆறு வேறு வேறு கோணத்தில் உச்சிக்கு வருவதால், வெடிக்கும் வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் சமமாக வரவே வராது. காதால் கேட்டுவிடலாம் என்று பழைய அளவு டேப்பை வெட்டி ஆறு பட்டை செய்து, பாதி வேகத்தில் சுற்றும் கேமில் ஆறு முட்டு வைத்துத் தட்டவிட்டேன். டடக்... டடக்... டடக். 60, 180, 60, 180. நொண்டி நடை.

டி விர்ஜிலியோ 1943இலேயே, போர் நடக்கும்போதே, வி6இன் அதிர்வுக் கணக்கைப் போட உட்கார்ந்தவர். அவர் வந்து சேர்ந்த வழி ஆறு பிஸ்டனுக்கு ஆறு தனிப் பின், ஒவ்வொன்றும் 60 டிகிரி தள்ளி, தாங்குவதற்கு நாலு மெயின் பேரிங். இப்படிச் செய்தால் பிஸ்டன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உச்சிக்கு வரும். ஒன்று வெடிக்கப் போகிறது, இன்னொன்று புகையைத் தள்ளி முடித்திருக்கிறது. பார்ப்பதற்கு என் தப்பான கிராங்க்தான் அழகு, இது ஏதோ குறைவது போலத் தெரியும். ஆனால் வெடிப்பு சரியாக 120க்கு ஒன்று. நேர்வரிசை ஆறு சிலிண்டரின் சீர், ஆனால் நீளம் ஏறக்குறைய பாதி. மிச்சமான இடம் உள்ளே உட்காருபவர்களுக்கு. தோல் சீட்டையும் மரப் பலகையையும் சொகுசு என்கிறோம், எனக்கென்னவோ இந்தக் காரின் சொகுசு இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று படுகிறது.

சரி, ஆறு பின் கிராங்க் செய்வது எப்படி? ஜோடிப் பின்களுக்கு நடுவே வரும் தகட்டை முதலில் பிளாஸ்டிக்கில் 4 மில்லிமீட்டருக்கு அச்சடித்தேன், இரண்டாவது சுற்றிலேயே கீறல் விட்டது. அப்புறம் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அறுத்து அரம் போட்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கோணம் பிடிப்பதற்கு ஒரு சின்ன தந்திரம்: கிராங்கின் இரண்டு நுனியிலும் ஒரே அளவு பெரிய நட்டு ஒவ்வொன்றை, பக்கங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும்படி ஒட்டிவிட்டுக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தேன். நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் புரட்டினால் 60 டிகிரி. ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு பின், எபாக்சி, ஒரு ராத்திரி காத்திருத்தல். ஏழாம் நாள் சுற்றிப் பார்த்தேன். டக், டக், டக், டக். பக்கத்து அறையிலிருந்து "இப்போ ஒழுங்காக் கேட்குதே" என்று குரல் வந்தது.

அடுத்து பின்பக்கம். அவுரேலியாவில் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகப் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கின்றன. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால் என்று எடை இரண்டு பக்கமும் பங்காகிவிடுகிறது. படத்தில் பார்த்து ரசித்தபோது உறைக்காத ஒன்று, செய்யும்போது உறைத்தது. கிளட்ச் பின்னால் என்றால் இன்ஜின் சுற்றும்வரை நடுவில் இருக்கும் நீளமான ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் இன்ஜின் வேகத்திலேயே. வண்டி சிக்னலில் நிற்கும்போதும்கூட. சக்கர இடைவெளி நிஜத்தில் 2660 மில்லிமீட்டர், என் மேஜையில் 66.5 சென்டிமீட்டர். ஒரே பித்தளைக் குழாயாக ஷாஃப்ட்டைப் போட்டுக் கை டிரில்லில் மாட்டிச் சுற்றினேன், நடுவில் கயிறாட்டம் விரிந்து ஆடி, டீ டம்ளரைத் தட்டிவிட்டது. லான்சியா ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு பேரிங் வைத்ததன் காரணம் அந்த டீ மேஜையில் வழிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானும் வெட்டி, நடுவில் 5 மில்லிமீட்டர் பேரிங் போட்டேன். இப்போது ஆட்டம் இல்லை.

இவற்றையெல்லாம் எதன் மேல் நிறுத்துவது என்பது தனித் தலைவலி. இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டகம்) கிடையாது, உடலே சட்டகம். உடலைச் செய்யாவிட்டால் இன்ஜின் அந்தரத்தில்தான் தொங்க வேண்டும். கார் உடல் செய்யும் பினின் ஃபரினா பட்டறையில் வளைத்த அந்தக் கூரை, கண்ணாடிக்கு மேலிருந்து வால்வரை ஒரே மூச்சில் இறங்குவது, அதை ஃபோமில் செதுக்கப் பார்த்தேன். ஆமை ஓடு மாதிரி வந்தது, எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். ஒட்டுப்பலகையே போதும்.

இனி மிச்சம் பின் பிரேக். டிரம்கள் சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருக்கின்றன, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையைக் குறைப்பதற்காக. சஸ்பென்ஷனில் எதைச் செய்வது என்றும் முடிவெடுக்கவில்லை. முதல் வண்டிகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், 1954இல் நாலாவது பதிப்பிலிருந்து, இரண்டு பின்சக்கரத்தையும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியான் அச்சுக்கு மாறிவிட்டார்கள். செய்வதற்கு டி டியான்தான் சுலபம், ஒரு குழாயை வளைத்தால் போதும். ஆனால் அந்த வண்டியில் இன்ஜின் 2451 சிசி, அதாவது சிலிண்டர் 18 இல்லை, 19.5 மில்லிமீட்டர். ஆறு பிஸ்டனையும் மறுபடி அச்சடிக்க எனக்குத் தெம்பு இல்லை, அதனால் தனித்தனியாக அசைவதையே செய்யப்போகிறேன். இன்னும் ஒரு வாரம்.