எடையா, எலக்ட்ரான் முகிலா?

காட்பாடியில் மாலை வேளைகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். அறை வெப்பநிலையில் குளோரின் வாயுவாகவும், புரோமின் திரவமாகவும், அயோடின் திண்மமாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால், "மூலக்கூறு எடை கூடுது சார்" என்ற பதில்தான் முதலில் வரும். தேர்வுக்கு அது போதுமானதாகத் தோன்றுவதால், அதற்கு மேல் யாரும் கிளறுவதில்லை.

எடைதான் காரணமென்றால், ஹெக்சேனையும், அதன் ஹைட்ரஜன்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்த பெர்ஃப்ளூரோஹெக்சேனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதன் மூலக்கூறு நிறை 86, பின்னதற்கு 338. ஆயினும் ஹெக்சேன் ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸில் கொதிக்க, நான்கு மடங்கு கனமான மற்றது 57 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

அணு ஒன்று மின்புலத்தில் அகப்படும்போது எலக்ட்ரான் முகில் ஒரு பக்கமும் உட்கரு எதிர்ப்பக்கமும் சற்றே விலகுவதால், தற்காலிகமான இருமுனை (ஒரு முனையில் நேர்மின்சுமை, மறுமுனையில் எதிர்மின்சுமை) தோன்றுகிறது. ஒரே அளவு புலத்திற்கு அந்த இருமுனை எவ்வளவு பெரிதாகிறது என்பதே முனைவுறும் தன்மை. ஓர் அணுவின் தற்காலிக இருமுனை பக்கத்து அணுவிலும் இருமுனையைத் தூண்ட, இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன; முகில் எளிதில் நெகிழ்ந்தால் ஈர்ப்பு வலுத்து, கொதிநிலையும் ஏறுகிறது. பொய்கை சந்தையில் குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகர முடியாது; நீளக் கயிற்றில் கட்டியது எளிதில் ஒதுங்கும். உட்கருவிலிருந்து தொலைவில், உள்கூட்டு எலக்ட்ரான்களின் மறைப்புக்கு வெளியே இருக்கும் எலக்ட்ரான்களின் நிலையும் இதுவே (எலக்ட்ரானுக்குக் கயிற்றின் நீளம் போலத் திட்டமான எல்லை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்).

ஹீலியத்தின் முனைவுறும் தன்மை ஏறத்தாழ 0.2 கன ஆங்ஸ்ட்ராம், செனானுக்கு 4. அவற்றின் கொதிநிலைகள் முறையே 4, 165 கெல்வின். இந்த வரிசையில் எடையும் கூடவே ஏறுவதால்தான் குழப்பம் நேர்கிறது. சோடியத்தையும் ஆர்கானையும் எடுத்துக்கொண்டால் அது தெளிந்துவிடும்: அணு நிறை 23 மட்டுமே உள்ள சோடியத்திற்கு 24 கன ஆங்ஸ்ட்ராம் என்றால், நிறை 40 உள்ள ஆர்கானுக்கு வெறும் 1.6. தனிம வரிசை அட்டவணையின் ஒரே கிடைவரிசையில் வலப்புறம் செல்லச் செல்ல உட்கருவின் பிடி இறுகுவதன் விளைவு இது. ஃப்ளூரினும் தன் எலக்ட்ரான்களை அப்படி இறுக்கிப் பிடிப்பதால், பெர்ஃப்ளூரோஹெக்சேன் மூலக்கூறு பருத்திருந்தும் அந்தப் பருமனுக்கு ஏற்ப அதன் முகில் நெகிழ்வதில்லை.

1930-இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் காட்டியபடி, இரு அணுக்களுக்கு இடையிலான இந்த ஈர்ப்பின் ஆற்றல் அவற்றின் முனைவுறும் தன்மைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது.

முனைவுத் தன்மையையும் (மூலக்கூறில் நிலையாகவே இருமுனை இருப்பது) முனைவுறும் தன்மையையும் ஒன்றென எண்ணும் மாணவர்களுக்கு நான் தரும் கணக்கு ஒன்று உண்டு. நிலையான இருமுனையின் வலிமையைச் சொல்லும் இருமுனைத் திருப்புத்திறன் ஹைட்ரஜன் குளோரைடுக்கு 1.08 டிபை, ஹைட்ரஜன் அயோடைடுக்கு 0.44 மட்டுமே. எனினும் முன்னது மைனஸ் 85 டிகிரியிலும் பின்னது மைனஸ் 35 டிகிரியிலும் கொதிக்கின்றன. நிலையான இருமுனை வலிமை குன்றியிருந்தும் அயோடினின் நெகிழ்ந்த முகில் அந்த ஐம்பது டிகிரியை ஈட்டித் தருகிறது.